ஸ்டே கம்பியின் எந்தப் புள்ளியை எடுப்பது? திருப்புத்திறனை வெக்டரில் கணக்கிடுவது பற்றி

ஈரோடு பக்கம் பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் ஒரு கரண்டு கம்பம். தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில், கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியைக் கட்டி, கம்பத்தின் அடியிலிருந்து கிழக்கே 2 மீட்டர், வடக்கே 3 மீட்டர் தள்ளி முளை அடித்து இழுத்திருக்கிறார்கள். கம்பியின் இழுவிசை 1,400 நியூட்டன். கம்பத்தின் அடியைப் பொறுத்து அந்த விசையின் திருப்புத்திறன், அதாவது அந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்பும் அளவு, என்ன? நண்பர் கம்பி கட்டிய இடத்தை வைத்துப் போட்டார், இவர் முளையை வைத்துப் போட்டார். எண்கள் ஒன்றாக வந்தன, குறி மட்டும் நேர்மாறாக வந்துவிட்டது. யார் விடை சரி என்பது முதல் கேள்வி. பத்தாம் வகுப்பில் படித்த 'விசை × செங்குத்துத் தொலைவு' இருக்கும்போது இவ்வளவு எழுத்து எதற்கு என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றேதான்: நிலை வெக்டர், அதாவது ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு வரையும் அம்பு, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

கோவையில் ஒரு பம்ப் பட்டறையின் டிராயிங் பிரிவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இயந்திரவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். எந்த வகுப்பை எடுத்தாலும் இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். அதனால் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் புள்ளியைப் பொறுத்துத் திருப்புத்திறன் வேண்டுமோ, நிலை வெக்டர் அந்தப் புள்ளியில் தொடங்க வேண்டும். முடிவது, விசை செல்லும் கோட்டில் எந்தப் புள்ளியாகவும் இருக்கலாம். பிறகு நிலை வெக்டரை முதலிலும் விசை வெக்டரை அடுத்தும் வைத்து வெக்டர் பெருக்கல் செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. மாற்றினால் குறி புரண்டுவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கம்பத்தின் அடியை ஆதிப்புள்ளியாக வைத்து, எல்லா வெக்டர்களையும் கிழக்கு, வடக்கு, மேல் என்ற வரிசையில் மூன்று எண்களாக எழுதுகிறேன். கட்டிய இடம் (0, 0, 6). முளை (2, 3, 0). கம்பி கம்பத்தை முளையின் பக்கம் இழுக்கிறது. ஆகவே விசையின் திசை, கட்டிய இடத்திலிருந்து முளைக்குப் போகும் (2, 3, −6). அதன் நீளம் 4 + 9 + 36 = 49 என்பதன் வர்க்கமூலம், அதாவது 7 மீட்டர். 1,400-ஐ 7-ஆல் வகுத்தால் 200. எனவே விசை வெக்டர் (400, 600, −1200) நியூட்டன். விசையை இப்படி மூன்று எண்ணாக்கி எழுதும் முன்னால் பெருக்கலில் கை வைக்காதீர்கள். '1,400 நியூட்டன்' என்று மட்டும் வைத்துக்கொண்டு வெக்டர் பெருக்கலுக்குள் போனால் வழி தெரியாது.

நண்பரின் வழியில் நிலை வெக்டர் (0, 0, 6). பெருக்கலின் கிழக்கு எண்ணுக்கு, நிலையின் வடக்கை விசையின் மேலோடு பெருக்கி, அதிலிருந்து நிலையின் மேலை விசையின் வடக்கோடு பெருக்கியதைக் கழிக்க வேண்டும்: 0 × (−1200) − 6 × 600 = −3600. வடக்கு எண்ணுக்கு, நிலையின் மேல் பெருக்கல் விசையின் கிழக்கு, கழித்தல் நிலையின் கிழக்கு பெருக்கல் விசையின் மேல்: 6 × 400 − 0 = 2400. மேல் எண்ணுக்கு, கிழக்கு பெருக்கல் வடக்கு, கழித்தல் வடக்கு பெருக்கல் கிழக்கு: 0. ஆகத் திருப்புத்திறன் (−3600, 2400, 0) நியூட்டன் மீட்டர். மூன்று வரி அணிக்கோவை போட்டு விரித்தாலும் இதேதான் வரும். கிழக்கிலிருந்து வடக்கு, வடக்கிலிருந்து மேல், மேலிலிருந்து மறுபடி கிழக்கு என்று சுற்றி வரும் வரிசையைப் பிடித்துக்கொண்டால் அணிக்கோவையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நடு உறுப்பின் குறியை மாற்ற மறந்து மதிப்பெண்ணை விடுகிறவர்கள் ஏராளம். சுற்று வரிசையில் அந்த ஆபத்து இல்லை.

இப்போது முளை வழி. நிலை வெக்டர் (2, 3, 0). கிழக்கு எண் 3 × (−1200) − 0 × 600 = −3600. வடக்கு எண் 0 × 400 − 2 × (−1200) = 2400. மேல் எண் 2 × 600 − 3 × 400 = 0. அச்சு அசலாக அதே விடை. உங்களுக்குக் குறி மாறியதற்குக் காரணம் முளையை எடுத்தது அல்ல. முளையிலிருந்து கம்பத்தின் அடிக்கு வெக்டரை வரைந்து (−2, −3, 0) என்று எழுதியிருக்கிறீர்கள். அடியிலிருந்து முளைக்கு வரைந்திருந்தால் நண்பரோடு ஒத்துப்போயிருக்கும்.

இரண்டு புள்ளிகளும் ஏன் ஒரே விடை தர வேண்டும்? கட்டிய இடத்துக்கும் முளைக்கும் உள்ள வித்தியாசம் கம்பியின் போக்கிலேயே இருக்கிறது. விசையும் அதே போக்கில் இருக்கிறது. இணையான இரண்டு வெக்டர்களின் வெக்டர் பெருக்கல் சுழி. ஆகவே அந்த வித்தியாசம் விடையில் எதையும் கூட்டாது, குறைக்காது. கம்பியின் நடுவில் எடுங்கள், மண்ணுக்குள் நீட்டி எடுங்கள், விடை அசையாது. இதில் எனக்கு எப்போதும் பிடித்த ஒன்றையும் கவனியுங்கள். கட்டிய இடத்தை வைத்துப் போட்டபோது, கீழ்நோக்கிய 1,200 நியூட்டன் ஒன்றுமே செய்யவில்லை. முழு வேலையையும் கிடைத்திசை விசைகளான 400-ம் 600-ம் செய்தன. முளையை வைத்துப் போட்டபோது அந்த 400-ம் 600-ம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டன. 1,200 முழுவதையும் செய்தது. எந்தக் கூறு திருப்புகிறது என்று கேட்டால், நீங்கள் எடுத்த புள்ளியைப் பொறுத்தது என்றுதான் சொல்ல முடியும். மொத்தம் மட்டுமே விசைக்குச் சொந்தம். கூறுகளின் திருப்புத்திறன்களைக் கூட்டினால் முழு விசையின் திருப்புத்திறன் கிடைக்கும் என்பதை பிரெஞ்சுக் கணிதர் வாரிஞோன் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிறுவிவிட்டார். இன்று நாம் எழுதும் வெக்டர் பெருக்கல் வடிவம் அதற்கு இருநூறு ஆண்டுகள் பிந்தியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கிப்ஸ் தம் மாணவர்களுக்காக 1881-லும் 1884-லும் அச்சிட்டுக் கொடுத்த குறிப்புகள் வழியாகப் பரவியது.

இனி இரண்டாவது கேள்வி. பத்தாம் வகுப்புச் சூத்திரம் தவறில்லை. நம் விடையின் அளவைப் பாருங்கள்: 3600-ன் வர்க்கமும் 2400-ன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 4,327 நியூட்டன் மீட்டர். அதை 1,400-ஆல் வகுத்தால் 3.09 மீட்டர். கம்பத்தின் அடியிலிருந்து ஸ்டே கம்பிக்குச் செங்குத்துத் தொலைவு அதுதான். நாடா பிடித்து அளந்தாலும் அதுவே வரும். ஆனால் அந்தரத்தில் சாய்ந்து போகும் கம்பிக்கு அடியிலிருந்து செங்குத்து எங்கே விழுகிறது என்று வடிவியலில் கண்டுபிடிப்பது பெரிய வேலை. வெக்டர் முறையில் அந்தத் தொலைவைத் தேடவே வேண்டாம், கடைசியில் இனாமாகக் கிடைக்கிறது. எல்லா விசைகளும் ஒரே தளத்தில் இருக்கும் கணக்கு என்றால் பழைய சூத்திரமே சுருக்கம். அங்கே வெக்டரைக் கொண்டுவருவது வீண் வேலை என்பதே என் அபிப்பிராயம். விசை தளத்தை விட்டு வெளியே வந்தவுடன் வெக்டருக்கு மாறுங்கள்.

பழைய சூத்திரம் தராத ஒன்றும் இருக்கிறது. 4,327 என்ற எண், கம்பம் எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்று சொல்லாது. (−3600, 2400, 0) சொல்லும். வலக்கைக் கட்டைவிரலை அந்தத் திசையில், அதாவது மேற்கும் கொஞ்சம் வடக்குமாக நீட்டுங்கள். மற்ற விரல்கள் மடங்கும் பக்கம் கம்பத்தின் தலை நகரும். செய்து பார்த்தால் தலை கிழக்கும் வடக்குமாக, சரியாக முளையின் பக்கம் சாய்வதைக் காண்பீர்கள். திருப்புத்திறன் வெக்டர் சாயும் திசையைக் காட்டுவதில்லை, எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறது என்பதைக் காட்டுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கம்பம் வடமேற்கே விழும் என்று எழுதிய விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

தேர்வு அறையில் உதவக்கூடிய சரிபார்ப்பு ஒன்று. திருப்புத்திறன் வெக்டர், விசைக்கும் செங்குத்து, நிலை வெக்டருக்கும் செங்குத்து. ஆகவே இரண்டோடும் புள்ளிப் பெருக்கல், அதாவது ஒத்த எண்களைப் பெருக்கிக் கூட்டியது, சுழியாக வேண்டும். விசையோடு: −3600 × 400 + 2400 × 600 = 0. முளையின் நிலை வெக்டரோடு: −3600 × 2 + 2400 × 3 = 0. இரண்டில் ஒன்று சுழியாகவில்லை என்றால் பெருக்கலில் எங்கோ பிசகு. ஒட்டுமொத்தக் குறி மாறியிருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு வலக்கை விதிதான்.

புள்ளியைப் பொறுத்த திருப்புத்திறன் வேறு, அச்சைப் பொறுத்த திருப்புத்திறன் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடுத்த பருவத்தில் இதைத்தான் கேட்பார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறையில் வீல் நட்டை முடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்திலிருந்து வெளியே வரும் திசையைக் கிழக்கு என்று வைப்போம். எல் வடிவ ஸ்பேனரின் கைப்பிடி நட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் வெளியே வந்து, பிறகு வடக்கே 60 சென்டிமீட்டர் நீள்கிறது. அதன் முனையில் 500 நியூட்டன் நேர் கீழாக அழுத்துகிறார். நிலை வெக்டர் (0.25, 0.6, 0), விசை (0, 0, −500). பெருக்கினால் (−300, 125, 0) நியூட்டன் மீட்டர். நட்டைத் திருப்புவது அதன் அச்சின் போக்கில் இருக்கும் 300 மட்டும். கழித்தல் குறி, கட்டைவிரல் சக்கரத்துக்குள் போகிறது என்று சொல்கிறது. வலமரை நட், அதாவது கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால் இறுகும் நட் என்றால், அது இறுகுகிறது. மீதி 125 நட்டைத் துளியும் திருப்பாது. ஸ்பேனரை நட்டிலிருந்து பிடுங்கிச் சாய்க்கப் பார்க்கும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக் இன்னொரு கையால் ஸ்பேனரின் முழங்கையைத் தாங்கிப் பிடிக்கிறார். சூத்திரமாகச் சொன்னால், அச்சின் திசையில் ஓரலகு வெக்டரை எடுத்து, திருப்புத்திறன் வெக்டரோடு புள்ளிப் பெருக்கல் செய்ய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வரும் திசையிலி முப்பெருக்கலுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது. அச்சின் மீது எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் இந்த விடை மாறாது.

பல்லடம், உடுமலை வழியாகப் பேருந்தில் போனால் இருபுறமும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி நட்டவை. அதிலும் இதே கணக்குதான், எண்கள்தான் பெரியவை. கணக்குக்காகச் சொல்கிறேன்: சக்கரத்தின் மையம் 60 மீட்டர் உயரத்தில், கோபுரத்தின் நடு அச்சிலிருந்து காற்று வரும் மேற்குப் பக்கம் 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, காற்றின் உந்துவிசை கிழக்கே 80 கிலோ நியூட்டன், சக்கரத்தின் எடை 200 கிலோ நியூட்டன். நிலை வெக்டர் (−3, 0, 60). உந்துவிசை தருவது (0, 4800, 0), எடை தருவது (0, −600, 0) கிலோ நியூட்டன் மீட்டர். காற்று கோபுரத்தைக் கிழக்கே தள்ள, முன்னால் தொங்கும் சக்கரத்தின் எடையோ மேற்கே இழுத்து அதில் எட்டில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது. காற்று கொஞ்சம் திரும்பி, வடக்கே 5 கிலோ நியூட்டன் சேர்ந்தால் விடையில் (−300, 0, −15) கூடும். அந்த −15 கோபுரத்தைத் திருகுகிறது. விசை பெருக்கல் தொலைவு என்று மட்டும் போட்டிருந்தால் இந்தத் திருகல் கண்ணிலேயே பட்டிருக்காது.

இதுவரை சொன்ன பெருக்கலில் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் அதற்குள் போடும் எண்களில் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. முளையின் இடத்தை 10 சென்டிமீட்டர் தவறாக, கிழக்கே 2.1 மீட்டர் என்று அளந்துவிட்டால் விடை 4,327-லிருந்து சுமார் 4,376 ஆகும்; நூற்றுக்கு ஒன்றுதான் வித்தியாசம். இழுவிசையை 20 சதவீதம் தவறாக மதிப்பிட்டால் விடையும் அப்படியே 20 சதவீதம் தவறும். நிஜக் கம்பத்தில் 1,400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 143 கிலோ இழுப்பு, நிலையாக நிற்பதில்லை. வெயிலுக்குக் கம்பி நீளும், ஆடிக்காற்றில் விம்மும், மழையில் முளையைச் சுற்றி மண் இளகினால் தளரும். கம்பமும் கொஞ்சம் வளையும். அப்போது கட்டிய இடம் (0, 0, 6)-ல் இருக்காது. புத்தகக் கணக்கு இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துத்தான் தொடங்குகிறது. ஆகவே 4,326.66 என்று தசமம் வரை எழுதுவதில் அர்த்தமில்லை. 'சுமார் 4,330' என்று எழுதினால் போதும். இழுவிசையை நம்பகமாக அளப்பதில் செலவிடும் நேரமே பயனுள்ளது.

அலகில் ஒரு சிறு எச்சரிக்கை. பட்டறைகளில் இன்றும் 'கேஜி மீட்டர்' என்று பேசுவார்கள்; அதை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். நியூட்டன் மீட்டரும் ஜூலும் ஒரே பரிமாணம் என்பதற்காகத் திருப்புத்திறனை ஜூலில் எழுதக்கூடாது. ஜூல் ஆற்றலின் அலகு, அது திசையற்றது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்டே கம்பி தனியாக நின்று கம்பத்தைச் சாய்க்கக் கட்டப்படுவதில்லை. மின்கம்பிகளின் இழுப்பை ஈடுகட்டத்தான் அது இருக்கிறது. கம்பிப் பாதை திரும்பும் இடத்திலோ முடியும் இடத்திலோ ஸ்டே இருப்பதைப் பார்க்கலாம். நம் கணக்கில், மின்கம்பி அதே 6 மீட்டர் உயரத்தில் கம்பத்தைத் தென்மேற்கே (−400, −600, 0) நியூட்டன் இழுக்கிறது என்று வையுங்கள். அதன் திருப்புத்திறன் (3600, −2400, 0). ஸ்டே தருவதோடு கூட்டினால் சுழி. கம்பத்தின் அடிக்குச் சாய்க்கும் வேலை ஏதும் இல்லை. கீழ்நோக்கிய 1,200 நியூட்டன் அழுத்தம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் திருப்புத்திறன் சுழி என்று எழுதும்போது மிஞ்சிய விசையையும் சேர்த்தே எழுதுங்கள். அந்த அழுத்தத்தை அடித்தளம் தாங்கியாக வேண்டும்.

அதே மின்கம்பியைக் கம்பத்தில் நேராகக் கட்டாமல், கம்பத்தின் குறுக்கே மாட்டிய சட்டமான கிராஸ் ஆர்மில் கிழக்கே அரை மீட்டர் தள்ளிக் கட்டினால்? நிலை வெக்டர் (0.5, 0, 6). பெருக்கினால் (3600, −2400, −300). ஸ்டே சேர்ந்தும் (0, 0, −300) மிஞ்சுகிறது: கம்பத்தை அதன் அச்சிலேயே திருகும் 300 நியூட்டன் மீட்டர். முளையை எங்கே மாற்றி அடித்தாலும், கம்பியை எவ்வளவு இழுத்தாலும் இதை அந்த ஸ்டே எடுக்காது. ஏனென்றால் அது கம்பத்தின் நடு அச்சைத் தொட்டுப் போகிறது. அச்சை வெட்டும் விசைக்கு அந்த அச்சைப் பொறுத்துத் திருப்புத்திறன் கிடையாது. கிராஸ் ஆர்மின் மேற்கு முனையில் இதே இழுப்போடு இன்னொரு கம்பி இருந்தால்தான் திருகல் கழியும். அதற்கு நிலை வெக்டர் (−0.5, 0, 6), மேல் எண் +300. நீங்களே போட்டுப் பாருங்கள். அப்போது சாய்க்கும் எண்கள் இரட்டிப்பாகும் என்பதால் ஸ்டேயில் 2,800 நியூட்டன் தேவைப்படும். பிறகு இரண்டில் ஒரு கம்பி அறுந்தால் அடியில் என்ன மிஞ்சும் என்பதையும் மூன்று எண்களாக எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.